நூற்றைம்பது பேரின் பிரதிநிதி

எங்கள் வட்டாரத்தில் கலை எந்தப் பக்கம் வளர வேண்டும் என்று முடிவு செய்த ஐந்து பேரில் ஒருவர் வாடகை நாற்காலிக்காரர். அவர் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்று கேட்டால் இன்றைக்கும் திருதிருவென்று விழிப்பார். எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன்.

அவரிடம் அறுநூறு பிளாஸ்டிக் நாற்காலிகள் இருக்கின்றன. பாதி வெள்ளை, மீதி ஒரு காலத்தில் வெள்ளை. கல்யாணமோ கட்சிக் கூட்டமோ, ஜனங்கள் உட்கார்ந்துதானே ஆக வேண்டும்? இருபத்தைந்து வருடமாக அந்த ஒரு நம்பிக்கையில் குடும்பம் நடக்கிறது. தொழிலில் அவருக்கு ஓர் ஒழுக்கம் உண்டு. நாற்காலியை இறக்கிப் போட்டதும், வாசல் மேஜையில் இருக்கிற தாளில் பெயர், எண்ணிக்கை, குறிப்பு மூன்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார். அந்தத் தாளில் என்ன அச்சடித்திருக்கிறது என்று படிப்பது ஒழுக்கத்தில் சேர்த்தியில்லை. கண்ணாடி எப்போதும் வண்டியில் இருக்கும்.

நகராட்சிக்கு ஒருநாள், மக்களைக் கேட்டே கலையை வளர்ப்பது என்று தோன்றியது. எங்கள் வட்டாரத்தில் மட்டும் ஒரே வருடத்தில் பதினொரு கூட்டம் போட்டார்கள். பதினொன்றுக்கும் இவருடைய நாற்காலிதான். வாசலில் வந்தவர்கள் நிரப்ப வேண்டிய தாள்: உங்கள் பெயர், எத்தனை பேர் சார்பில் வந்திருக்கிறீர்கள், கருத்து. நம்மவர் தன் பெயரை எழுதினார். அடுத்து 150 என்று எழுதினார். கடைசியில், "பின் வரிசை காலியாகவே இருந்தது. அடுத்த தடவை குறைத்துக்கொள்ளலாம்" என்று எழுதினார். இன்னொரு கூட்டத்தில், "மூன்று மணி என்று சொல்லி ஐந்துக்கு ஆரம்பித்தால் யாருக்கும் பிரயோஜனமில்லை." பதினொரு கூட்டத்திலும் எழுதப்பட்ட உருப்படியான கருத்துகள் இவை மட்டும்தான் என்று கேள்வி.

வருடக் கடைசியில் கடிதம் வந்தது. எல்லாக் கூட்டத்துக்கும் வந்த ஒரே குடிமகன், நூற்றைம்பது பேரின் பிரதிநிதி என்பதால் வட்டாரக் கலைக் குழுவில் அவரும் ஓர் உறுப்பினர்.

அவர் மனைவி அதை இரண்டு தரம் படித்தார்.

"ஏங்க, உங்க பின்னாடி நூத்தம்பது பேர் நிக்கிறாங்களாமே. நான் ஒருத்தி நிக்கிறதுதான் எனக்குத் தெரியும்."

"எவனோ தப்பா எழுதியிருக்கான்."

"எழுதினது நீங்கதான். இதோ, உங்க கோழிக் கிறுக்கல நகல் எடுத்து வெச்சிருக்காங்க."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "அடக் கடவுளே! அது சேரு!"

முதல் கூட்டத்திலேயே உண்மையைச் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனார். தன் நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். அது முதுகைக் கிள்ளும் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆனால் வாயைத் திறப்பதற்குள் திட்ட அதிகாரி அம்மா வரைபடத்தை விரித்துவிட்டார். ஆட்டம், பாட்டு, நாடகம் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு கூடம். உயரமான கூரை, நடுவில் தூண் இல்லாத நகராட்சிக் கட்டடம் ஒன்று கிடைத்திருக்கிறது. சிவப்பு வட்டம் போட்டிருந்த அந்தக் கட்டடம் நம்மவர் நகராட்சியிடம் வாடகைக்கு எடுத்திருக்கும் குடோன். அதைவிட்டால் அறுநூறு நாற்காலிக்கும் போக்கிடம் கிடையாது. ஐந்து பேரும் ஒப்புக்கொண்டால்தான் செல்லும் என்பது விதி. நாலு கை எழுந்துவிட்டது.

இவர் எழுந்து நின்றார். "மேடம், ஒரு விஷயம். அந்த நூத்தம்பது பேரு ஆளுங்க இல்ல. சேரு."

குழுவில் இருந்த நாடகக்காரர் மெல்லக் கை தட்டினார். "அடடா! வராத ஜனத்துக்காகக் காலி நாற்காலி பேசுது! என்ன கற்பனை சார்!"

"கற்பனை இல்லைங்க. பிளாஸ்டிக்."

"அது இன்னும் பிரமாதம்!"

அதிகாரி அம்மா இரண்டையும் குறித்துக்கொண்டார். "நல்லதுங்க ஐயா. அவங்க எல்லார்கிட்டயும் கலந்து பேசிட்டு அடுத்த வாரம் முடிவு சொல்லுங்க."

தலையும் புரியாமல் வாலும் புரியாமல் வீட்டுக்கு வந்தார். ஒரு 'மாட்டேன்' போதும், குடோன் தப்பிக்கும். மனைவியிடம் அதைச் சொன்னார். அந்த அம்மாள் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார்.

"எங்க பாட்டுக் குழு இப்ப எங்க பாடுது தெரியுமா? ஒரு கார் ஷெட்டுல. கார் வந்தா நிறுத்திட்டு வெளிய வந்து நிக்கணும்."

"சொல்லவே இல்லையே நீ?"

"ஏழாவது கூட்டத்துல எழுந்து நின்னு மைக்குல சொன்னேன். பாடிக் கூடக் காட்டினேன். எல்லாரும் கேட்டாங்க. நீங்க எங்க இருந்தீங்க?"

"வண்டியில."

"தூங்கிட்டு."

"...கொஞ்சம் கண்ணயர்ந்திருப்பேன்."

"பதினொரு கூட்டத்துக்கும் போன ஒரே குடிமகன்!"

"சரி, அப்ப சேரையெல்லாம் எங்க வைக்கிறது? உன் தலையிலயா?"

"உங்க நூத்தம்பது பேர்கிட்டயே கேளுங்க. என்ன சொல்றாங்கன்னு பார்ப்போம்."

அந்த வாரம் முழுக்க அவர் நாற்காலியை அடுக்குவதும் பிரிப்பதுமாக இருந்தார். பத்துப் பத்தாக இருந்ததை இருபதாக அடுக்கிப் பார்த்தார். சரிந்தது. பதினைந்தாக அடுக்கினார். நின்றது. குடோனின் குறுக்கே சாக்கட்டியால் ஒரு கோடு போட்டார். அழித்தார். இன்னும் இரண்டடி தள்ளிப் போட்டார்.

அடுத்த கூட்டத்தில், மூன்றில் இரண்டு பங்கு கூடத்துக்கு, ஒரு பங்கு நாற்காலிக்கு, நடுவே பலகைத் தடுப்பு என்றால் கை தூக்குகிறேன் என்றார். நாற்காலி வாடகைக்காரர் ஒருவர் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். நூற்றைம்பது பேர் கேட்கும்போது யார் சிரிப்பது? அவர் உண்மையைச் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. யாருமே சொல்லாத பொய் ஒரு பங்கையாவது காப்பாற்றியது. "மக்கள் கோரிக்கையை ஏற்று" என்று அறிக்கையில் அச்சடித்துவிட்டார்கள்.

தான் ஜெயித்தோமா தோற்றோமா என்று அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. போன வாரம் நான் போயிருந்தபோது, வண்டியில் ஏற்றுவதற்காக ஓர் அடுக்கை உருவி இறக்கிக்கொண்டிருந்தார். கடகடவென்று சத்தம். தடுப்புக்கு அந்தப் பக்கம் பாட்டு நின்றது. கதவு திறந்து மனைவியின் தலை மட்டும் வந்தது.

"ஏங்க, ஒத்திகை நடக்குதுல்ல? அப்புறமா இறக்கக் கூடாதா?"

"ஏய், இது என் குடோன்!"

"மெதுவாப் பேசுங்க," என்று சொல்லிவிட்டுத் தலை உள்ளே போனது.

அவர் பதினைந்து நாற்காலியையும் மார்போடு அணைத்துக்கொண்டு, கீழே வைக்கவும் முடியாமல், பாட்டு முடியும்வரை நின்றார்.