கம்ப்யூட்டருக்கு அடைத்த துணி

அனல்மின் நிலையத்தை ஒட்டிய எங்கள் குவார்ட்டர்ஸில் சாம்பல் தூசி ஓயாது. சோற்றுப் பானை முதல் எல்லாவற்றையும் மூடியே வைப்பேன். மருமகள் டைப்பிங் வேலைக்கு வாங்கிய கம்ப்யூட்டர் பெட்டியையும் விடவில்லை. பின்னாலிருந்த ஓட்டைகளில் பழைய புடவைத் துணியை அடைத்தேன்.

பெட்டி சூடேறி அடிக்கடி அணைந்தது. வடலூரிலிருந்து ரிப்பேர்க்காரர் வந்தார். வெளியாள் பார்ப்பாரே என்று அந்த அழுக்குத் துணியை எடுத்து ஒளித்தேன். அவர் முன்னால் நன்றாக ஓடியது. அவர் போனதும் திரும்ப அடைத்தேன், திரும்ப அணைந்தது.

மறுநாளும் அவர் வருமுன் துணியை உருவிக்கொண்டேன். வந்து பார்த்தவர், "பிராசசரே போயிருக்கும்ங்க, மாத்திடலாம்" என்றார்.

"இன்னிக்கு சாயங்காலம் முடிச்சுக் குடுக்கலன்னா இனிமே எனக்கு வேலையே தரமாட்டாங்க" என்றாள் மருமகள்.

துணியோடு சமையலறையில் நின்ற எனக்கு அப்போதுதான் உறைத்தது. எடுத்தால் ஓடுகிறது, அடைத்தால் நிற்கிறது. வெளி ஆண்களிடம் பேசிப் பழக்கமில்லாதவள் நான். வெளியே வந்து துணியை நீட்டினேன்.

"இத நான்தான் அடைச்சு வச்சேன் தம்பி."

"அது மூச்சு வுட வேணாமாம்மா?" என்று அவர் சிரித்துவிட்டார்.

மருமகள் சிரிக்கவில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே அத்தை" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலையில் உட்கார்ந்தாள். இருட்டுவதற்குள் முடித்துவிட்டாள்.

வாய் திறக்காமல் இருப்பதே அடக்கம் என்று வளர்ந்துவிட்டேன். இப்போது குரல் நடுங்கினாலும் கேட்டுவிடுகிறேன்.