ஊதாத் துணிக்கு அடியில் ஒரு மைதானம்

பந்து சதுரமாக இருந்தது. முதல் நாள் வந்த கூட்டத்துக்கு அதுதான் பெரிய குறை.

ஹில்டாவின் புருஷன் கஸ்பார் சரக்குக் கப்பலில் வேலை பார்ப்பவர். வருஷத்தில் பாதிக்கு மேல் கடலில்தான். அந்தத் தடவை ஊருக்கு வந்தபோது ஹாம்பர்க்கில் வாங்கிய ஓர் ஆரஞ்சு நிறப் பெட்டியைக் கொண்டுவந்தார். இரண்டு திருகுகள், நான்கு ஆட்டங்கள். அதை டிவியோடு இணைத்தால் திரையிலேயே பந்து விளையாடலாம் என்றார். மெட்ராஸுக்கு டிவி வந்து அதிக காலம் ஆகவில்லை. ராயபுரத்தில் அந்தத் தெருவுக்கே இருந்த ஒரே டிவி அவர் வீட்டில்தான். ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்கு வருகிற கூட்டம் சனிக்கிழமையே வந்து குந்திக்கொண்டது.

திரையில் மேலும் கீழும் இரண்டு வெள்ளைச் சுவர்கள், நடுவில் புள்ளிக்கோடு, இரு பக்கமும் ஒவ்வொரு குச்சி. குச்சிகளுக்கு இடையில் ஒரு சதுரம் டொக் டொக்கென்று போய் வந்தது.

“பந்துன்னா உருண்டையா இல்ல இருக்கணும்?” என்றாள் எதிர்வீட்டு மங்கை.

“கப்பல்ல மூட்டைக்கு அடியில மாட்டிகினு நசுங்கிட்ச்சி, இன்னா பண்றது?” என்றார் கஸ்பார். கூட்டம் சிரித்தது.

ஹில்டாவின் தம்பி இக்னேஷியஸ் மட்டும் சிரிக்கவில்லை. அவன் வேறொன்றைப் பார்த்துவிட்டான். குச்சியின் நடுவில் பட்டால் பந்து நேராகப் போகிறது. நுனியில் பட்டால் சாய்ந்து ஓடுகிறது. அப்படியானால் இதில் யோசிக்க இடம் இருக்கிறது. பி.ஏ. பாஸ் பண்ணிய பிறகு அவன் யோசிப்பதற்கென்று ஓர் இடம் அகப்பட்டது அன்றைக்குத்தான்.

அவன் வீட்டில் அதற்கு முன்னால் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. அப்பா ஜேக்கப் துறைமுகத்தில் கப்பலின் அடிவயிற்றில் இறங்கி மூட்டை ஏற்றுகிறவர். மகன் பட்டம் வாங்கிய அன்று தன்னோடு மூட்டை தூக்கும் கேங்கில் இருந்த அத்தனை பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அதற்கப்புறம் அந்த ஆட்கள் இக்னேஷியஸை எங்கே பார்த்தாலும், “இன்னா நைனா, ஆபீசரு ஆயிட்டியா?” என்று கேட்டார்கள். முதலில் அன்பாகக் கேட்டார்கள். பிறகு சும்மா கேட்டார்கள். அவன் மார்க்கெட் வழியாகப் போவதை விட்டுவிட்டு ரயில்வே சுவரை ஒட்டிச் சுற்றிப் போகப் பழகினான்.

வேலை வரும்வரை சும்மா இருக்க வேண்டாமென்று அப்பா அவனை டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்த்துவிட்டார். காலை வகுப்பு. அதே நேரத்தில் அக்காவின் வீட்டுச் சாவியும் அவன் கைக்கு வந்தது. ஹில்டா வண்ணாரப்பேட்டையில் சட்டை தைக்கும் கம்பெனிக்குக் காலையிலேயே போய்விடுவாள். குழாயில் தண்ணீர் வரும்போது பிடித்துவைக்க ஆள் வேண்டும். வகுப்பு முடிந்து வந்து தண்ணீர் பிடித்தால் போதும் என்பது ஏற்பாடு.

தண்ணீர் பிடித்த நேரம் போக மிச்ச நேரத்தில் அவன் ஆடினான். ஆடியதைப் பற்றிப் பேச ஆள் தேடினான். அகப்பட்டவன் ரயில்வே சுவர் ஓரமாக ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த அமீருதீன். பெட்டியை நம் ஊர் டிவியில் வேலை செய்யும்படி சரிப்படுத்தியவனும் அவன்தான்.

“டென்னிஸ் நல்லாத்தான் கீது. ஆனா ரெண்டு பேர் வேணும்,” என்று இக்னேஷியஸ் ஆரம்பிப்பான். “ஹாக்கி சரியில்ல. நம்ம பக்கத்துக்குக் கோல் காக்கற கோலியா ஒரு ஆளு, முன்னால அடிக்கறதுக்கு ஒரு ஆளு. ஆனா திருகு ஒண்ணுதான். நம்மாளு நவுந்தா கோலியும் கூடவே நவுந்துடறான். நம்ம அடிச்ச பந்து நம்மாளு முதுகுல பட்டே நம்ம கோலுக்குள்ள பூந்துடுது.”

“நம்ம ஹார்பர் யூனியன் மாரி,” என்பான் அமீருதீன், சாலிடரிங் குச்சியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“ஒண்டி ஆட்டந்தான் ஒசத்தி. எதிராளி கெடையாது. எதிர்ல சொவரு. நீ எப்படி அடிக்கிறியோ அப்படியே திரும்பி வரும். தோத்தா சாக்கு சொல்ல முடியாது.”

“தோஸ்து, பி.ஏ. படிச்சது இதுக்குத்தானா?”

 இரவில் படுத்தபின் அவனே அவனைக் கேட்டுக்கொள்கிற கேள்விதான் அது.

கிறிஸ்துமஸுக்குக் கஸ்பார் இன்னொரு பெட்டி கொண்டுவந்தார். அதில் மோட்டார் சைக்கிள் வரிசையாக நிற்கும் பஸ்களைத் தாண்டியது. டாங்கிகள் சந்து சந்தாகப் புகுந்து சுட்டுக்கொண்டன. பழைய டென்னிஸும் புது மாதிரியில் இருந்தது. குச்சி முன்னாலும் பின்னாலும் நகர்ந்தது, சத்தம் டிவியிலிருந்தே வந்தது. தெரு முழுக்கப் புதுசையே மெச்சியது. இக்னேஷியஸுக்கு மட்டும் மனசு ஒட்டவில்லை. இந்தியில் ஓடிய படத்தைத் தமிழில் எடுக்கும்போது செட்டெல்லாம் பெரிதாகி, கதை மட்டும் எங்கோ நழுவிப் போவதில்லையா, அப்படி இருந்தது. பந்து எங்கே பட்டாலும் ஒரே மாதிரி திரும்பியது. நுனியில் வாங்குகிற சாமர்த்தியத்துக்கு அங்கே வேலையில்லை. மோட்டார் சைக்கிளில் ஒரே ஒரு ரகசியம்தான். அது பிடிபட்டதும் ஆட்டம் செத்துவிட்டது. அடுத்த பயணத்துக்கு முன் கஸ்பார் அந்தப் பெட்டியைப் பர்மா பஜாரில் விற்றுவிட்டுப் போனபோது அவன் வருத்தப்படவில்லை.

இதற்குள் பழைய ஆரஞ்சுப் பெட்டி கீழே விழுந்து உடைந்து போயிருந்தது. அமீருதீன் அதன் உள்பாகத்தைப் பிடுங்கி ஒரு பழைய மர ரேடியோவின் கூட்டுக்குள் வைத்தான். ரேடியோவின் கனத்த கறுப்புத் திருகையே போட்டான். பாட்டரி செலவு வேண்டாமென்று கரண்டில் ஓடும்படி மாற்றினான். எதை எதோடு சேர்த்தானோ, பந்தின் வேகம் கூடிவிட்டது. திருகு கையில் கனமாக, நிதானமாகத் திரும்பியது. ராயபுரத்தில் செய்த இந்தப் பெட்டிதான் மூன்றிலும் சிறந்தது என்று இக்னேஷியஸ் தீர்ப்புச் சொன்னான். சொன்னது அமீருதீனிடம் மட்டும்தான்.

சாம்பல் புதனன்று மாலை, கோயிலிலிருந்து நெற்றியில் சாம்பலோடு திரும்பும் வழியில், ஜேக்கப் மகனை நிறுத்தினார்.

“டேய் இக்னேஷி. என் முட்டி போய்ச்சி. மெடிக்கல்ல ஒடம்பு முடியலன்னு எயுதிக் குடுத்துட்டு வெளிய வரப்போறேன். என் எடத்துக்கு வூட்டு ஆளு ஒருத்தன் பேரு குடுக்கலாம். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்துக்குள்ள குடுக்கணும். உன் பேர் குடுக்கட்டா, உங்க அத்த மவன் சவரி பேர் குடுக்கட்டா?”

இக்னேஷியஸ் நெற்றிச் சாம்பலை விரலால் தொட்டுப் பார்த்தான்.

“மூட்ட தூக்கறதுக்கா படிக்க வெச்சேன்னு ஒரு மனசு சொல்து. வேல வராட்டி இன்னா பண்ணுவன்னு ஒரு மனசு சொல்து. டைப்பு எப்படிப் போவுது? பாஸ் பண்ணிடுவியா?”

“போய்க்கினுதான் கீறேன் நைனா,” என்றான்.

அது பொய். ஜனவரிக்குப் பிறகு அவன் வகுப்பு நடக்கும் அந்த மாடிப்படி ஏறவில்லை. பக்கத்து மெஷினில் பள்ளிக்கூடப் பெண் மழை மாதிரி அடித்துத் தள்ளும்போது, பட்டம் வாங்கியவன் ஒரே நாலெழுத்தைத் தேடித் தேடி அடிப்பது அவனுக்குக் கூசியது. ஒரு நாள் போகவில்லை. மறுநாள் போனால் காரணம் சொல்லவேண்டுமே என்று போகவில்லை. பிறகு போகாமல் இருப்பதே வழக்கமாகிவிட்டது. மூட்டை வேலை வேண்டும் என்று சொல்ல அவனால் முடியவில்லை. வேண்டாம் என்று சொல்ல அவனிடம் வேறொன்றும் இல்லை. அப்பாவே ஏதாவது ஒன்றை முடிவுசெய்துவிட்டால் நல்லது என்றிருந்தது.

சாம்பல் புதனோடு தபசு காலம் தொடங்கியதும் ஹில்டா டிவியை மூடினாள். நாற்பது நாளும் சினிமா இல்லை, பாட்டு இல்லை. கோயிலில் புனிதர்களின் சுரூபங்களுக்குப் போர்த்துகிற அதே ஊதா நிறத்தில் ஒரு துணி எடுத்து, ஓரம் தைத்து, டிவிக்குப் போர்த்தினாள். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்த கூட்டம் மறு பேச்சில்லாமல் திரும்பியது.

“அக்கா, படம்தானே கூடாது? பந்துகூடவா பாவம்?” என்று இக்னேஷியஸ் கேட்டான்.

“பந்து ஆடறதுக்கு ஆண்டவர் இன்னா சொல்லப்போறாரு. கொஞ்ச நேரம் ஆடிட்டு ஒயுங்கா மூடிடு,” என்றாள்.

கொஞ்ச நேரம் என்பது பகலெல்லாம் ஆனது. வகுப்புக்குப் போவதாகச் சொல்லி வீட்டை விட்டு இறங்கி, அக்கா வீட்டைத் திறந்து, கதவைத் தாளிட்டுக்கொள்வான். ஜன்னலைத் திறந்தால் தெரு பார்க்கும், மூடினால் வேகும். மூடியே வைத்தான். ஒண்டி ஆட்டம்தான். வலது ஓரத்தில் சுவர், பந்து, அவன். ஒரு நாள் பந்து விழாமல் நெடுநேரம் ஓடியபோது, இது முடியாது என்று ஒரு பயம் வந்தது. பந்தைத் தவறவிடலாம், யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் கை தானாகத் திருகைத் திருப்பியது.

யாராவது கதவைத் தட்டினால் சத்தத்தைக் குறைத்துத் துணியை இறக்கிவிடுவான். தண்ணீர் பிடிக்கப் போகும்போதும், சாப்பிட்டுக் கண்ணயரும்போதும் அப்படியே. டிவியை அணைக்கமாட்டான். போட்டுப் போட்டு அணைத்தால் டியூப் சீக்கிரம் போய்விடும் என்று அமீருதீன் சொல்லியிருந்தான். அக்காவின் பொருள் கெட்டுவிடக்கூடாதே என்று அந்த ஒரு விஷயத்தில் மட்டும் மிகவும் கவனமாக இருந்தான். ஊதாத் துணிக்கு அடியில் அந்த மைதானம் பகலெல்லாம் அசையாமல் எரிந்துகொண்டிருந்தது.

பாஸ்கா என்கிற ஈஸ்டர் திருநாளன்று காலை ஜேக்கப் வெள்ளை வேட்டியில் உற்சாகமாக இருந்தார். ஹில்டா வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு.

“திங்கக்கெழமயே சவரி பேரைக் குடுத்துட்டேன்,” என்றார் இலைக்கு முன்னால். “எம்புள்ள டைப்பு பாஸ் பண்ணி ஆபீஸ்ல ஃபேனுக்கு அடியில குந்துவான். எதுக்கு அவனுக்கு இந்தக் கலீஜு வேல? பரிச்ச எப்படா?”

“வரும் நைனா.”

ஒரு கதவு மூடியதில் அவனுக்கு முதலில் நிம்மதிதான் வந்தது. அப்புறம் பரீட்சைக்கு என்ன தேதி சொல்வது என்று கணக்குப் போடத் தொடங்கினான்.

மாலையில் தெருவே திரண்டது. நாற்பது நாள் பட்டினி கிடந்த கூட்டம். ஹில்டா சிலுவை போட்டுக்கொண்டு ஊதாத் துணியை எடுத்து மடித்தாள். டிவி சூடாகி மெல்ல வெளிச்சம் வந்தது. செய்தி வாசிக்கும் பெண்ணின் நெற்றிக்கு மேல் ஒரு பழுப்புக் கோடு. கழுத்துக்குக் கீழே இன்னொன்று. வலது ஓரத்தில், மேலிருந்து கீழாக, ஒரு சுவர்.

“இன்னாடீ இது, பொம்பளையக் கூண்டுல அடச்சு வெச்சிகீறாங்க?” என்றாள் மங்கை.

ஹில்டா திரையைத் துணியால் துடைத்தாள். அழுத்தித் துடைத்தாள். கோடு போகவில்லை. யாரோ ஓடிப்போய் அமீருதீனை அழைத்துவந்தார்கள். அவன் டிவியை அணைத்துவிட்டு டார்ச் அடித்துக் கண்ணாடியைப் பார்த்தான். அணைத்த பிறகும் மூன்று கோடுகளும் அங்கே இருந்தன.

“எரிஞ்சி பதிஞ்சிட்ச்சிக்கா. டியூபு மாத்தனாத்தான் போவும்.”

“ஒரு மணி நேரம் ஆடனதுக்கா?” என்றாள் ஹில்டா.

“ஒரு மணியா? நாள் கணக்குல அப்படியே எரிஞ்சிருக்கணும்.” அவன் இக்னேஷியஸைத் திரும்பிப் பார்த்தான். “டேய், அணைக்காதேன்னு நான் சொன்னது படம் பாக்கும்போதுடா. கோட்டப் போட்டுட்டுத் தூங்கவா சொன்னேன்?”

இக்னேஷியஸ் இதைக் கவனித்திருக்க வழியில்லை. ஆடும்போது சுவர்கள் தம் தழும்பின் மேலேயே சரியாக வந்து உட்கார்ந்துகொள்ளும். வேறு ஏதாவது படம் வந்திருந்தால் தெரிந்திருக்கும். அந்த நாற்பது நாளும் அந்தத் திரையில் வேறு எதுவும் வரவில்லை.

ஜேக்கப் எழுந்து டிவிக்கு அருகில் வந்தார். விரலால் அந்தச் சுவரை மேலிருந்து கீழாகத் தடவினார்.

“பகல்லயா?” என்று கேட்டார்.

“ஆமா நைனா.”

“டைப்பு வகுப்பும் பகல்லதானே?”

அவன் தலை குனிந்தான். தெரு முழுவதும் உட்கார்ந்திருந்தது. 

“நான் அன்னிக்குக் கோயில்லேர்ந்து வரும்போது கேட்டேனே. அப்பவே போவலியா?”

“அதுக்கு முன்னயே.”

ஜேக்கப் கத்தவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

“வேணான்னு சொல்லிருந்தா நான் இன்னா உன் கழுத்தயா புடிச்சிருப்பேன்? வேணும்னு சொல்லிருந்தா எயுதிக் குடுத்திருப்பேன். ரெண்டுல ஒண்ணு சொல்லக்கூடாதாடா உன் வாயில?”

 சொல்லாமல் இருந்தால் எதுவும் மூடாமல் இருக்கும் என்று அவன் நினைத்திருந்தான்.

“படத்தப் போடு ஹில்டா,” என்றார் ஜேக்கப். “ஜனங்க காத்துகினு கீது.”

திங்கட்கிழமை அவன் மாடிப்படி ஏறினான். வகுப்பு நடத்துபவர் எங்கே போயிருந்தாய் என்று கேட்கவே இல்லை. அவன் தயார் செய்து வைத்திருந்த காரணம் வீணானது. கடைசி வரிசையில் மெஷினைக் காட்டி, முதல் பாடத்திலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார். அதே நாலெழுத்து. அந்த வாரமே சவரி துறைமுகத்தில் வேலைக்கு இறங்கினான். தெருவில் எதிர்ப்பட்டபோது, “மாமு, உன் எடத்துல நின்னுகினு கீறேன்டா,” என்று தோளில் தட்டினான். அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை.

டியூப் மாற்றுவது கஸ்பார் வந்தபிறகு பார்க்கலாம் என்று ஹில்டா சொல்லிவிட்டாள். கூட்டம் ஞாயிறுதோறும் வந்தது. இரண்டு மூன்று படங்களில் அவர்கள் கண்ணுக்குக் கோடுகள் பழகிவிட்டன. மங்கைகூட அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டாள். ஜேக்கப் முட்டியை நீட்டிக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்திருப்பார். திரும்பிப் பார்க்கமாட்டார்.

இக்னேஷியஸ் கதவை ஒட்டிக் கடைசியில் உட்காருவான். கதாநாயகி தாயைப் பிரிந்து அழுவாள். தெருவே மூக்கை உறிஞ்சும். அவன் கண் அந்த முகத்தில் நிற்காது. வலது ஓரத்துச் சுவரில் போய் நிற்கும். அங்கிருந்து பந்து இப்போது கிளம்பும் என்று மடியில் கிடந்த அவன் விரல்கள் மெல்லத் திரும்பத் தொடங்கும்.