தவணையில் சொன்ன சேதி

தொழிற்சாலையில் அவருக்கு 'நிதானம்' என்றே பெயர். உலைக்கூடத்தில் வேலை. மெல்லிய படிக வில்லைகளைத் தட்டில் அடுக்கி, தகதகக்கும் உலைக்குள் அனுப்பி எடுக்க வேண்டும். எடுக்கும்போதுதான் கண்டம். வில்லையின் ஓரம் சட்டென்று ஆறிவிடும், நடுவில் சூடு அப்படியே நிற்கும். அந்த இழுபறியில் விரிசல் விட்டுவிடும். அதனால் உலையின் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, தட்டை நத்தை மாதிரி இழுப்பார்.

"நீங்க இழுத்து முடிக்கறதுக்குள்ள எனக்கு ரிட்டயர்மென்ட் வந்துடும்ணே" என்பார்கள் கூட இருப்பவர்கள். அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். பதறாத காரியம் சிதறாது என்பது மற்றவர்களுக்குப் பழமொழி, அவருக்குச் சோறு.

அவர் மனைவிக்குத் தம்பி என்றால் உயிர். அம்மா போனபின் அவனை இடுப்பில் சுமந்து வளர்த்தவள். ஒரு மதியம் அந்தத் தம்பி மீது லாரி மோதியது. ஆஸ்பத்திரியிலிருந்து அவன் மாமாவான இவருக்குத்தான் முதலில் தகவல் வந்தது. ஓடினார். டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "பிழைக்கறது கஷ்டம். அக்காவை உடனே வரச் சொல்லுங்க."

அவள் உடைந்துபோவாளே என்று பயந்தார். பயந்த மனுஷர் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் போனார்.

"தம்பிக்குக் கால்ல லேசா அடி. பயப்படாதே" என்றார் போனில்.

சற்றுக் கழித்து மறுபடி கூப்பிட்டார். "கொஞ்சம் ரத்தம் போயிருக்கு. சாவகாசமா கிளம்பி வா."

அடுத்த முறை முழுசாகச் சொல்லிவிட நினைத்திருந்தார். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அவர் பேச்சை நம்பி, அவள் தம்பிக்குச் சோறு வடித்து, டப்பாவில் போட்டு, பஸ் பிடித்து வந்தாள். முகம்வரை போர்த்தியிருந்ததைப் பார்த்தாள். அவர் பயந்த மாதிரி உடையவில்லை. நின்றாள்.

"அப்பவே சொல்லியிருந்தா ஓடி வந்திருப்பேனே. உயிரோட ஒரு தடவை பார்த்திருப்பேனே."

"நீ தாங்க மாட்டேன்னு..."

"அதை முடிவு பண்ண நீங்க யாருங்க?"

கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பாள். நல்லவரை என்ன செய்வது?

"என்னைக் கேட்டானா?"

மயக்கத்திலேயே இருந்தான் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினார்.

"கேட்டுட்டே இருந்தான். 'அக்கா எங்க, மாமா?'ன்னு. 'அக்கா ஓடி வந்துட்டிருக்கா'ன்னு சொன்னேன்."