அளவு நாடாவின் மறுமுனை

கட்டடக்கலைக் கடைசி ஆண்டில், புதிய பூங்காக்களைப் பார்க்க எங்கள் வகுப்பு மெட்ராஸிலிருந்து மைசூருக்குப் போனது. என்னைக் கல்யாணம் செய்துகொள்ளச் சம்மதமா என்று, மைசூர்க்காரியான வகுப்புத் தோழியிடம் ரயிலிலேயே கேட்டிருந்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பூங்கா பூங்காவாக அலைந்தோம். நிழலையும் நடைபாதையையும் பற்றி ஆசிரியர் பேசிய எதுவும் என் காதில் ஏறவில்லை. விஜயநகர்ப் பூங்காவை அளக்க, நாடாவின் ஒரு முனையை அவளும் மறுமுனையை நானும் பிடித்தோம். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்ததில் என் பக்கம் நாடா ஆடியது.

“ஸ்வல்ப... கொஞ்சம் ஆடாம நில்லுங்க,” என்றாள். “எங்க வீடு அடுத்த தெருதான். சாயங்காலம் அப்பா இருப்பார். வந்து கேளுங்க.”

போய்க் கேட்டேன். “முதல்ல ரெண்டு பேரும் பாஸ் பண்ணுங்க,” என்றார் அவர்.

அது சம்மதம்தான் என்று அவள் சொல்லியும், தேர்வு முடிவு வரும்வரை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கல்யாணம் மைசூரிலேயே நடந்தது.