நெற்றியில் வைத்த ஐஸ்

அம்மாவின் ஆஸ்பத்திரி ஃபைலை நான்தான் தூக்கிக்கொண்டு போவேன். பச்சை அட்டை, நடுவில் ரப்பர் பேண்டு. அதற்குள் எந்தக் காகிதம் எத்தனாவதாக இருக்கிறது என்பது எனக்கு மனப்பாடம். இருந்தாலும் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது ஒரு தடவை, தெருமுனையில் ஒரு தடவை, ஆஸ்பத்திரி வாசலில் ஒரு தடவை பிரித்துப் பார்ப்பேன். காகிதத்துக்குக் கால் முளைத்துவிட்டதா என்று மாமா கேலி செய்வார். இன்றைக்கும் நான் அப்படித்தான். கேஸ் அடுப்பை மூடிவிட்டுப் பாதித் தெரு போன பிறகு திரும்பி வந்து பார்த்துவிட்டுப் போகிறவள்.

அப்போது எனக்குப் பதினோரு வயது. ஊரடங்கு போட்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. பிறகு அது திறந்தபோதும் நான் அதிக நாள் போகவில்லை. அப்பா மங்களூர்ப் பக்கம் மீன்பிடி போட்டு வேலைக்குப் போனவர், பஸ்ஸும் ரயிலும் நின்றுபோனதில் அங்கேயே மாட்டிக்கொண்டார். காசிமேட்டு வீட்டில் அம்மாவும் நானும்தான். அம்மாவுக்கு மார்பில் கட்டி. ஆபரேஷன் முடிந்து, இருபத்தொரு நாளைக்கு ஒரு தடவை கீமோ மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கூட ஒருத்தர்தான் உள்ளே வரலாம் என்று சட்டம். அம்மாவுக்குப் படிக்க வராது, நம்பர் மட்டும் தெரியும். அதனால் அந்த ஒருத்தர் நானானேன். கேட்டால் பதினைந்து வயது என்று சொல்லச் சொல்லியிருந்தார்கள். உயரம் இருந்ததால் யாரும் கேட்கவில்லை.

முதல் நாளே டாக்டரம்மா இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, தேதி தவறக் கூடாது. இன்னொன்று, நடுவில் காய்ச்சல் வந்தால் ஒரு நிமிஷம்கூட வைத்திருக்காமல் ஓடி வந்து சொல்ல வேண்டும். இரண்டுக்கும் நன்றாகத் தலையாட்டினோம். வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது முதலாவதுதான் எங்களோடு வந்திருந்தது. அம்மா காலண்டரை எடுத்து, வரப்போகும் தேதிகளையெல்லாம் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்தாள்.

எங்களைக் கொண்டுபோய் விடுவது மாமா. அம்மாவுக்குத் தம்பி. குட்டியானை வண்டியில் மீன் ஏற்றுகிறவர். மீனுக்கு இருந்த பாஸ் அப்போது மனுஷருக்கு இல்லை. அதனால் மீனோடு சேர்ந்து நாங்களும் போலீஸ் தடுப்புகளைத் தாண்டினோம். பதினைந்து வருஷம் கூடையில் மீன் விற்ற அம்மாவுக்குக் கீமோ ஆரம்பித்த நாளிலிருந்து மீன் வாடையே ஆகவில்லை. பாதி எலுமிச்சம்பழத்தை மாஸ்க்குக்குள் மூக்கோடு வைத்துக்கொண்டு, தலையில் துணி கட்டி, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருப்பாள்.

"ஊருக்கே மீன் வித்தவ, இப்ப மூக்க மூடிகினு வரா பாரு," என்பார் மாமா.

"நீ குளிச்சாலே பாதி வாட போவும்டா," என்பாள் அம்மா.

மூன்றாவது தடவை போனபோது ஒன்று நடந்தது. வாசலில் ஒரு செக்யூரிட்டி, வருகிறவர்கள் நெற்றிக்கு நேரே துப்பாக்கி மாதிரி ஒரு மிஷினைக் காட்டிக் காய்ச்சல் பார்ப்பார். எங்களுக்கு முன்னால் எண்ணூரிலிருந்து வந்த அக்கா ஒருத்தி. அவளுக்கு மிஷின் சிவப்பாகக் கத்தியது. காய்ச்சல்காரர்களுக்கென்று ஓரமாகப் போட்டிருந்த பந்தலுக்கு அவளை அனுப்பினார்கள். "எனக்கு இன்னிக்குத் தேதிங்க," என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே போனாள். அன்றைக்கு முழுக்க வார்டில் அவள் கட்டில் காலியாக இருந்தது. அந்தக் கட்டிலை அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் அம்மாவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நாலாவது தடவைக்கான தேதி வந்தது. காலையில் அம்மா வண்டியில் ஏறக் கை கொடுத்தேன். கை சுட்டது.

"மா, கை சுடுது."

"வெயிலுடி."

வெயில் இன்னும் வரவே இல்லை. வண்டி கிளம்பியது. ராயபுரம் பாலம் வரைக்கும் பொறுத்துப் பார்த்தேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"மாமா, அம்மாவுக்குக் காச்சல்."

மாமா வண்டியை ஓரம் கட்டினார். அம்மா கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எப்பத்திலிருந்து கீது யக்கா?"

"நேத்து சாயங்காலம். இத்தப் போயி பெர்சா பேசாத, வண்டிய எடு. பந்தலுக்கு அனுப்பிட்டான்னா இன்னிக்கு மருந்து போச்சு. தேதி தவறிப்போவும்."

மாமா இறங்கிப் பின்பக்கம் போனார். ஐஸ் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. கழுத்தில் கிடந்த துண்டில் ஐஸை முடிந்துகொண்டு வந்து என் கையில் கொடுத்தார்.

"மேலாப்ல இருந்த சுத்தமான ஐஸு. மீனு படல. நெத்தியில வச்சிகினே வா, வாசல் வரிக்கும் எடுக்காத. அந்த மிஷினு நெத்திய மட்டும்தான் பாக்கும்."

"கண்டுபுடிச்சிட்டா?"

"ஐஸு வச்சா நேத்து மீனே இன்னிக்கு மீனா போவுது பாப்பா. ஒரு நெத்தி போவாதா?" பிறகு விரலை ஆட்டிச் சொன்னார்: "உள்ள போயி வாயத் தொறந்த, அவ்ளோதான்."

அம்மா தலையைச் சீட்டில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். நான் கையை மாற்றி மாற்றி ஐஸைப் பிடித்துக்கொண்டு வந்தேன். விரல்கள் மரத்துப்போயின. அம்மாவின் நெற்றியும் அப்படித்தான் ஆகியிருக்கும் என்று நம்பினேன்.

நம்பினதற்கு மேலேயே ஆகியிருந்தது. செக்யூரிட்டி மிஷினைக் காட்டினார், பார்த்தார், மறுபடியும் காட்டினார்.

"இன்னாம்மா, ஃபிரிட்ஜுக்குள்ளேருந்து எழுந்து வரியா? மார்ச்சுவரியில கீறவனுக்கே இத்தவிட ஜாஸ்தி காட்டும்."

மாஸ்க்குக்குப் பின்னால் அம்மா சிரித்துவிட்டாள். அவர் மிஷினை உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டி, தன் நெற்றியில் வைத்துப் பார்த்தார். என் நெற்றியில் வைத்துப் பார்த்தார். சரியாகத்தான் காட்டியது. அம்மாவின் புருவத்திலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் கீழே விழுந்தது. அவர் அதைப் பார்த்தாரா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் சத்தம் போட ஆரம்பித்தார்கள்.

"பேஜாரு மிஷினு. போ, போ."

உள்ளே போனதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மாவை நானே காப்பாற்றிவிட்ட மாதிரி ஒரு பெருமை. ஃபைலைப் பிரித்து, இரண்டு நாள் முன்னால் எடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டை நர்ஸக்கா கேட்கும் முன்பே நீட்டினேன். பிளாஸ்டிக் உடுப்புக்குள் அவருடைய கண் மட்டும்தான் தெரியும்.

"காய்ச்சல், இருமல் ஏதாவது இருந்துச்சா?"

"இல்லம்மா," என்றாள் அம்மா, என்னைப் பார்த்துக்கொண்டு.

கட்டில் கொடுத்தார்கள். முதலில் வெறும் குளுக்கோஸ் பாட்டிலை மாட்டினார்கள். அது கொஞ்சம் இறங்கிய பிறகுதான் மருந்து. அது சர்பத் மாதிரி சிவப்பாக இருக்கும். அதற்குக் காத்திருக்கும்போது அம்மாவுக்கு நடுக்கம் ஆரம்பித்தது. முதலில் தாடை. பிறகு தோள். பிறகு கட்டிலே கடகடவென்று ஆடியது. "ஒண்ணும் இல்ல, யார்னா பாக்கப் போறாங்க, கால அமுக்கிப் புடி," என்றாள். பிடித்தேன். என் கையும் சேர்ந்து ஆடியது.

எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. அவ்வளவு நேரம் ஐஸை வைத்திருந்தேனே, அந்தக் குளிர் நெற்றி வழியாக உள்ளே இறங்கிவிட்டது, இப்போது உடம்பெல்லாம் பரவுகிறது, அம்மா என் கையாலேயே உறைந்துபோகப் போகிறாள். காய்ச்சலை நான் மறந்தே போனேன். தூரத்தில் நர்ஸக்கா சிவப்பு மருந்தைத் தட்டில் வைத்துக்கொண்டு வருவது தெரிந்தது. மாமா விரலை ஆட்டிச் சொன்னதும் ஞாபகத்தில் இருந்தது. இருந்தும் ஓடிப்போய் அவர் முன்னால் நின்றேன்.

"அக்கா, நான்தான் ஐஸ் வச்சேன். அம்மாவுக்கு ரொம்ப நேரம் வச்சிட்டேன்."

"எந்த ஐஸ்?"

"மீன் ஐஸ். நெத்தியில. காச்சல் தெரியாம இருக்க."

அவர் தட்டை அப்படியே ஜன்னல் திண்டில் வைத்தார். அம்மாவின் அக்குளில் தெர்மாமீட்டரை வைத்தார். எடுத்துப் பார்த்துவிட்டு யாரையோ கூப்பிட்டார். இரண்டு பேர் ஓடி வந்தார்கள். சிவப்பு மருந்து வந்த வழியே திரும்பிப் போனது. டாக்டரம்மா வந்தார்.

"காய்ச்சல் வந்தா உடனே சொல்லணும்னு முதல் நாளே சொன்னேனா இல்லையா?"

"தேதி தவறக் கூடாதுன்னும் நீங்கதாம்மா சொன்னீங்க," என்றாள் அம்மா. பல் தடதடக்க, ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னாள்.

அம்மாவைத் தனி அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். கொரோனா இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், நீ வரக் கூடாது என்றார்கள். தள்ளுவண்டி திரும்பும்போது அம்மா என் பக்கம் பார்க்கவில்லை. கண்ணை மூடியிருந்தாள். எனக்கு அது வேண்டுமென்றே பார்க்காதது மாதிரிதான் பட்டது.

வெளியே மாமா முழுவதையும் கேட்டுவிட்டு வண்டிச் சக்கரத்தின் பக்கத்தில் குந்திவிட்டார்.

"நா இன்னா சொல்லி அனுப்பினேன், நீ இன்னா பண்ணிகினு வந்துகீற? வாசல தாண்டிட்டியேடி. அவ்ளோ தூரம் தாண்டிட்டு..."

அதற்கு மேல் அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

எட்டு நாள் அம்மா உள்ளே இருந்தாள். கொரோனா இல்லை என்று மூன்றாம் நாள் சொன்னார்கள். ஆனாலும் யாரையும் விடவில்லை. நான் மாமா வீட்டில் இருந்தேன். என் வேலையெல்லாம் கவலைப்படுவதுதான். சிவப்பு வட்டம் போட்ட தேதி தாண்டி ஒன்று, இரண்டு, மூன்று என்று நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு நாளும் அந்தக் கட்டி அம்மாவுக்குள் ஒரு விரல் வளர்வதாகவும் அதற்குக் காரணம் என் வாய்தான் என்றும் நினைத்துக்கொள்வேன். சோறு இறங்காது. அத்தை கேட்டால் பல் வலி என்பேன்.

கீமோ ஏற்றுகிற நாட்களில் ரத்தத்தில் எதிர்த்து நிற்கிற சக்தி மளமளவென்று விழுந்துவிடும் என்பதும், அப்போது வருகிற சாதாரணக் காய்ச்சலே ஒரு நாளில் ஆளைக் கொண்டுபோய்விடும் என்பதும், அதன் மேல் அன்றைக்கு அந்தச் சிவப்பு மருந்தும் இறங்கியிருந்தால் அம்மா திரும்பி வந்திருப்பது சந்தேகம்தான் என்பதும் பல வருஷம் கழித்து எனக்குத் தெரிந்தது. இரண்டு நாள் பழைய ரத்தச் சீட்டு, அதற்குப் பிறகு வந்த காய்ச்சலைக் காட்டவில்லை. தேதி தவறினால் பத்து நாள் தள்ளிப் போட்டுக்கொள்ளலாம். அப்படித்தான் போட்டார்கள்.

ஒன்பதாம் நாள் அம்மாவைக் கூட்டிப்போகச் சொன்னார்கள். மாமா வண்டியை வாசலுக்கு நேரே நிறுத்தினார். சக்கர நாற்காலியில் அம்மா வந்தாள். கூடவே டாக்டரம்மாவும் நடந்து வந்தார். அவரை அதற்கு முன் வாசல் வரைக்கும் வந்து நான் பார்த்ததே இல்லை.

"அந்த ஐஸ் பொண்ணு எங்க?" என்று கேட்டார்.

நான் வண்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். கேட்டது என் காதில் மறுபடி மறுபடி ஓடியது. போலீஸில் சொல்லிவிடுவாரோ, இனிமேல் அம்மாவுக்கு மருந்தே கிடையாது என்பாரோ என்று நினைத்தேன். வண்டிக்கு அடியில் அவருடைய செருப்பு தெரிந்தது.

"சின்னப் பொண்ணும்மா," மாமா கையெடுத்துக் கும்பிட்டார். "ஐஸு குடுத்தவன் நானு. அவ மேல தப்பு இல்ல. தெரியாம ஒளறிட்டா. மன்னிச்சிடுங்க."

"மன்னிக்கிறதா? நீங்க அவளக் கூப்பிடுங்க, நான் பேசணும்."

"பயந்துகினு கீதும்மா. இனிமே இப்டி பண்ணாது. நா பாத்துக்கிறேன்."

உள்ளேயிருந்து யாரோ டாக்டரம்மாவைக் கூப்பிட்டார்கள். செருப்பு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு திரும்பிப் போனது.

நான் வெளியே வரவில்லை. அம்மாவும் வண்டியில் ஏறவில்லை. மாமா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, "ஏறு யக்கா, வெயிலு," என்று இரண்டு தடவை சொன்னார். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"வாடி," என்றாள். வண்டிக்குப் பின்னாலிருந்து எழுந்து போனேன்.

அவளுக்கு அப்போது நிற்கவே தெம்பில்லை. ஆனாலும் ஏறி உட்கார்ந்து என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் அந்த வயதைத் தாண்டிவிட்டவள். என் கால் வண்டித் தரையில் இடித்தது. பாலம் இறங்கும்வரை என் தலையைத் தன் கழுத்தோடு அழுத்திப் பிடித்திருந்தாள். கழுத்து சுடவில்லை, ஈரமாக இருந்தது.

அம்மா என்னை மன்னித்துவிட்டாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.