கதவுக்கடியில் தள்ளிய கடதாசி

என் மகளும் டீச்சர்தான். கொரோனாவில் பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்தபோது பிடித்த பழக்கத்தை இன்னும் விடவில்லை. மழை பலத்துவிட்டால் போதும், நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு, பெற்றோர் எல்லாரையும் சேர்த்து வைத்திருக்கும் அந்த வாட்ஸ்அப் குழுவுக்குப் பாடத்தை அனுப்பிவிடுவாள்.

"போட்டாச்சும்மா. எல்லாரும் பாத்துட்டாங்க."

"பாத்தாங்க, சரி. வெளங்கிச்சான்னு ஒருத்தரையாவது கூப்பிட்டுக் கேட்டியா?"

"ஐயோ, மறுபடியும் தொடங்கிட்டீங்களா!"

தொடங்கிவிட்டேன்தான். நான் ஏன் இப்படி நச்சரிக்கிறேன் என்று அவளுக்குத் தெரியாது. எங்கள் வீட்டு முன்கதவின் அடி இடைவெளியில் ஏன் எப்போதும் ஒரு பழைய சாக்கைச் சுருட்டி அடைத்து வைத்திருக்கிறேன் என்றும் தெரியாது. குளிர் வருகிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன். மாத்தளையில் அப்படி என்ன குளிர்! போன மாசம் பக்கத்து வீட்டுக்காரர்கள் கல்யாண அழைப்பிதழை அந்தச் சாக்கையும் மீறி உள்ளே தள்ளிவிட்டுப் போயிருந்தார்கள். அதை எடுக்க எனக்குக் கை வரவில்லை. மகள் வந்து எடுக்கும் வரைக்கும் அது தரையில்தான் கிடந்தது.

எண்பதுகளின் கடைசியில் நான் மாத்தளை டவுனிலிருந்து பஸ்ஸில் போய், சந்தியில் இறங்கி, மலையேறிப் போகிற ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தேன். மேலே தேயிலை, கீழே கொக்கோவும் மிளகும். அப்போதெல்லாம் கடதாசி என்றால் எல்லாருக்கும் பயம். கடையைப் பூட்டு என்று கடதாசி வரும். வேலைக்குப் போகாதே என்று வரும். பள்ளிக்கூடத்தைத் திறக்காதே என்று வரும். கொப்பியில் கிழித்த தாளில், பெரும்பாலும் சிவப்பு மையில், பெயரும் கையெழுத்தும் இல்லாமல் விடியற்காலையில் கதவுக்கடியில் கிடக்கும். அதைச் சட்டை செய்யாதவர்கள் சிலர் பிறகு ரோட்டோரத்தில் கிடந்தார்கள். கடதாசி போட்ட கலகக்காரர்களைத் தேடுகிறோம் என்று வந்த பட்டாளத்தார் கொண்டுபோனதில் சிலர் திரும்பவே இல்லை. இரண்டு பக்கமும் பயம்தான்.

எங்கள் பள்ளிக்கூடமும் பூட்டப்பட்டது. வீட்டில் சும்மா இருங்கள் என்று தலைமை ஆசிரியர் சொன்னார். எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. அன்றைக்கு இருபத்தெட்டு வயது, வாய் வேறு நீளம். தோட்டத்துத் தாய்தகப்பன்மாருக்குப் படிப்பில் அக்கறை இல்லை என்று ஆசிரியர் அறையில் நானும்தான் மூச்சுக்கு மூச்சு பேசியிருக்கிறேன். விடிய ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு மலைக்கு ஏறுகிறவர்கள் எந்த நேரத்தில் பெற்றோர் கூட்டத்துக்கு வருவார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

பிள்ளைகளுக்குப் பாடம் போய்ச் சேர வழி சொன்னது பிள்ளைக்காம்பரா ஆயம்மா. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடம்தான் பிள்ளைக்காம்பரா. காலையில் விடுவார்கள், பத்து மணிக்குப் பால் கொடுக்க ஓடிவருவார்கள், சாயங்காலம் தூக்கிக்கொண்டு போவார்கள். கைப்பிள்ளை இல்லாதவர்களும் பேச்சுக்கு அங்கேதான் நிற்பார்கள். தோட்டத்துத் தாய்மாரெல்லாம் ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது ஆயம்மாவின் கண்ணில் படுவார்கள்.

"பாடத்தை எழுதி எங்கிட்ட குடுங்க டீச்சர். நான் பிரிச்சிக் குடுக்கிறேன். ஆனா வெறும் கடதாசிய நீட்டுனா அதுங்க பயந்துருங்க. என்னா ஏதுன்னு எங்கிட்ட வாயால சொல்லிட்டுப் போங்க. நான் அப்புடியே சொல்லிருவேன்."

அப்படித்தான் நடந்தது. நான் நீலப் பேனாவால் தாள்களில் பாடம் எழுதிக் கொண்டுபோவேன். ஆயம்மா ஒவ்வொன்றாகக் கொடுத்து, "இது ரெண்டாம் வகுப்புக் கணக்கு, நாளான்னிக்கு டீச்சருக்குத் திருப்பிக் குடுக்கணும்" என்று சொல்லுவாள். அவர்கள் அதை மடித்து இடுப்பில் கட்டிய படங்குச் சாக்குக்குள் செருகிக்கொண்டு மலைக்குப் போவார்கள். விடை எழுதித் திரும்பி வரும் தாள்கள் ஈரமாக, பச்சைக் கொழுந்து வாசத்தோடு வரும். ஒன்றுகூடத் தவறியதில்லை. அக்கறை இல்லை என்று பேசின வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்த வருஷம் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதனைக்கு எங்களிடமிருந்து ஒரே ஒருத்திதான். மெலிந்த பிள்ளை, தலையில் எப்போதும் எண்ணெய் வழியும். கணக்கை மனதிலேயே போட்டுவிட்டு, நான் கரும்பலகையில் போட்டு முடிக்கும் வரை உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருப்பாள். பாஸ் பண்ணினால் டவுனில் பெரிய பள்ளிக்கூடம், விடுதி, மாதாமாதம் உதவி. பண்ணாவிட்டால் பதினான்கு வயதில் அவளும் பெரட்டில் நிற்க வேண்டியதுதான். தாய் விண்ணப்பத்தில் பெருவிரல் வைத்துவிட்டு, மை பட்ட விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"எங்க புள்ளைக்குக் கெடைக்குமா டீச்சர்?"

"கெடைக்கும். நீங்க அவள விறகு பொறுக்க அனுப்பாம இருங்க, அது போதும்."

"இனி அனுப்ப மாட்டேன் டீச்சர். சத்தியமா."

அனுப்பவும் இல்லை. நான் என் நீலப் பேனாவை அந்தப் பிள்ளைக்குக் கொடுத்தேன். சோதனைக்கு இதால்தான் எழுத வேண்டும் என்றேன். கொப்பி திருத்தும் சிவப்புப் பேனாதான் என்னிடம் மிஞ்சியது.

குழப்பத்தால் இரண்டு தடவை தள்ளிப்போன சோதனை, வருகிற ஞாயிற்றுக்கிழமை மாத்தளையில் நடக்கும் என்று ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் சொன்னார்கள். அனுமதி அட்டையும் கைக்கு வந்தது. அதைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகப் பயந்து என்னிடமே வைத்துக்கொண்டேன். வழியில் யாராவது பையைச் சோதித்தால் அட்டையில் பிள்ளையின் பேரும் தோட்டத்தின் பேரும் இருக்கிறதே. பஸ் பிடித்து, மலையேறி, தொழிலாளர் வரிசை வீடுகள் இருக்கிற லயத்துக்குப் போனபோது மூன்று மணி. அவர்கள் காம்பரா பூட்டிக் கிடந்தது. தாய் மலையில். பிள்ளை பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருக்க வேண்டும், குடத்தைக் காணோம். தகப்பன் கொழுந்து ஸ்டோரில் காவல்காரர். வேலைக்குப் போகாதே என்று அவருக்கு மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு கடதாசி வந்திருந்தது. போகாவிட்டால் அடுப்பு எரியாது என்று போய்க்கொண்டிருந்தார்.

நாலு மணிக்குக் கடைசி பஸ். ஆயம்மாவிடம் சொல்ல வேண்டுமென்றால் பிள்ளைக்காம்பராவுக்குக் கால் மைல் ஏற்றம். எனக்குச் செருப்பு கடித்துக்கொண்டிருந்தது. இதை நான் எத்தனையோ தடவை வேறு வேறு மாதிரி நினைத்துப் பார்த்திருக்கிறேன். உண்மை இதுதான், செருப்பு கடித்தது, ஏற்றம் ஏற அலுப்பாக இருந்தது. கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, சுவரில் வைத்து எழுதினேன்.

*யாரிடமும் சொல்ல வேண்டாம். ஞாயிறு காலை எட்டு மணிக்குள் பிள்ளையை மாத்தளைக்குக் கூட்டி வரவும். தனியே அனுப்ப வேண்டாம். பார்த்ததும் கிழித்துவிடவும்.*

பேர் போடவில்லை. பூட்டச் சொன்ன பள்ளிக்கூடத்து டீச்சர் பிள்ளைகளைச் சோதனைக்குக் கூட்டிப்போகிறாள் என்று யார் கையிலாவது சிக்கினால் என் கதை கந்தல். எப்படியும் அந்தப் பிள்ளைக்கு என் எழுத்துத் தெரியும் என்று நினைத்தேன். கதவுக்கடியில் தள்ளிவிட்டு இறங்கி ஓடினேன். பஸ் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் கடலை கூட வாங்கிச் சாப்பிட்டேன்.

புதன்கிழமை ஹர்த்தால். வியாழக்கிழமைதான் திரும்பப் போனேன், நேராகப் பிள்ளைக்காம்பராவுக்கு. தொட்டில் சேலைகளுக்கு நடுவில் ஆயம்மா ஒரு பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முகம் கோணியது.

"அவங்க போயிட்டாங்க டீச்சர்."

"யாரு?"

"ஒங்க ஸ்கொலர்சிப் புள்ளதான். குடும்பத்தோட. நேத்து விடிய முன்னுக்கே நடந்தே எறங்கிட்டாங்க."

"ஏன்? என்னா நடந்துச்சு?"

"கடதாசி வந்திருச்சு டீச்சர். செவத்த மையில. செவ்வாக்கெழம அந்தியில தாய்க்காரி வேல விட்டு வந்தா கதவுக்கடியில கெடந்திருக்கு. அத எங்கிட்டத் தூக்கிட்டு ஓடியாந்தா. நான் படிச்சது ரெண்டாம் வகுப்பு. எழுத்துக் கூட்டிக் கூட்டி மொத வரியப் படிச்சேன். 'யாரிடமும் சொல்ல வேண்டாம்'னு போட்டிருந்திச்சு. அதுக்குள்ள அவ புடுங்கி அடுப்புல போட்டுட்டா."

"புள்ள பாக்கலியா?" என்று மட்டும் கேட்டேன்.

"அது பீலியிலயே குளிச்சிட்டு வர்றதுக்குள்ள எரிஞ்சிருச்சு. அதுகிட்ட ஒண்ணுமே சொல்லல. போகையில அழுதுக்கிட்டே போச்சு டீச்சர். 'டீச்சர் சோதனைக்குக் கூப்புட வருவாங்க, நான் எங்க போனேன்னு சொல்லுங்க'ன்னு என் கையப் புடிச்சிக்கிட்டு நின்னுச்சு. அதான் சொல்றேன். டவுனுக்கு அந்தப் பக்கம் நாலந்தாவுல அவ நாத்தனா வீட்டுல இருக்காங்க. சனிக்கெழம காலையில வவுனியாவுக்குப் போறாங்க. அங்க அவ அண்ணன் இருக்காரு."

அந்தப் பிள்ளை எனக்கு வாயால் சொல்லியனுப்பியிருக்கிறாள். நான் செய்யாததை அவள் செய்திருக்கிறாள்.

"அது... பாடக் கடதாசியா இருக்குமோ?" என்று இழுத்தேன். கோழை! நேராகச் சொல்ல நாக்கு வரவில்லை.

ஆயம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள், சின்னப் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி. "அதெப்புடி டீச்சர்? நீங்க எழுதினதுன்னா எங்கிட்டத்தானே குடுப்பீங்க!"

அந்த இடத்தில் "நான்தான்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பயம் என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம் இல்லை, வெட்கம். ஆயம்மா என்மேல் வைத்திருந்த நம்பிக்கை அவள் முகத்தில் விழுந்து உடைவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பாடத் தாள்களைக் கொடுத்தேன். எது எந்த வகுப்புக்கு என்று ஒவ்வொன்றாக வாயால் சொன்னேன். இறங்கி வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மண்டப வாசலில் அனுமதி அட்டையோடு நின்றேன். ஏன் நின்றேன் என்று கேட்காதீர்கள். வேறு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எண்ணெய் தேய்த்து, திருநீறு பூசி, பென்சில் சீவிக்கொண்டு போனார்கள். மணி அடித்தது. கதவைச் சாத்தினார்கள். அட்டையைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. தொண்ணூறில் மறுபடி சண்டை மூண்டு, வவுனியாவுக்கு அப்பால் போகும் பாதையே மூடப்பட்டது. பிறகு அங்கே நடந்ததெல்லாம் எல்லாருக்கும் தெரியும். ஒவ்வொரு தடவையும் வானொலியில் வன்னி என்று கேட்டால் நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். இரண்டாயிரத்து ஒன்பதில் முள்வேலி முகாம்களைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். அடுப்படிக்குப் போகாமல் முன்னால் உட்கார்ந்து பார்த்தேன். முப்பது வயது மதிக்கத்தக்க பெண்களை, கையில் பிள்ளையோடு வரிசையில் நிற்பவர்களை, ஒருத்தரையும் விடாமல் பார்த்தேன். யாராவது உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறாளா என்று தேடினேன். மகள் சனலை மாற்றப் போனபோது அவள் கையில் அடித்துவிட்டேன்.

ஆயம்மா செத்துப் பத்து வருஷம் ஆகிறது. சாகும்வரை அந்தப் பிள்ளையைப் பற்றி என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள். "பாவம், நாலந்தாவுக்குப் போயி ஒரு வார்த்த சொல்லிக் கூட்டியாந்திருக்கலாம், என்னா டீச்சர்?" என்பாள். குற்றமாகச் சொல்லமாட்டாள், ஆதங்கமாகத்தான் சொல்லுவாள்.

"பஸ் ஓடலியே ஆயம்மா. என்னா செய்யிறது?" என்பேன் நான். அவளிடம் சொன்னேன், தலைமை ஆசிரியரிடம் சொன்னேன், என் புருஷனிடம் சொன்னேன். அந்த நாளில் பஸ் ஓடவில்லை என்றால் ஒருத்தரும் மறு கேள்வி கேட்க மாட்டார்கள்.

ஓடியது. அந்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மாத்தளை பஸ் ஸ்டாண்டில் நாவுல பஸ் நின்றது. நாலந்தா வழியாகப் போகிற பஸ். பாதி சீட் காலி. நான் கைப்பையில் அட்டையோடு அதன் பக்கத்தில்தான் நின்றேன். கண்டக்டர் என்னைப் பார்த்து, "ஏறுறீங்களா டீச்சர்?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.