குஞ்சுகளிடம் சாப்பாடு விசாரித்தவர்

ஆராய்ச்சிக்கூடக் காவலாளி ஒருவரின் வேலை என்னால் போயிற்று. தப்பு அவருடையதல்ல, என்னுடையது.

கோவில்பட்டிப் பக்கம் கோழிக்குஞ்சுகளைச் சில மணி நேரம் பட்டினி போட்டு, மூளையில் அபின் வகை மருந்துகள் போய் ஒட்டும் ஓபியாய்டு ஏற்பிகளைத் தூண்டும் ஊசி போட்டால் அவை கூடுதலாகத் தின்கின்றனவா, குறைவாகவா என்று பார்த்துவந்தேன். காவலாளிக்கு ஆளைவிட மீசை பெரிது. தூக்குச்சட்டியைத் திறக்குமுன் எதிர்ப்படும் எல்லோரிடமும், கூண்டிலிருக்கும் குஞ்சுகளிடமும்கூட, "சாப்ட்டாச்சா?" என்று கேட்பார்.

ஒருநாள் பட்டினி போட்ட பிறகும், ஊசி போடாத குஞ்சுகள்கூடத் தீவனத்தைச் சீண்டவில்லை.

"ஓய், நீருதான இதுகளுக்குத் தீனி போட்டீரு?" என்றேன்.

"கேக்கத்தான் செஞ்சேன் சார். அவிய ஒண்ணும் சொல்லல."

புகார் செய்தேன். அவரை அனுப்பிவிட்டார்கள். அதன்பிறகும் குஞ்சுகள் தின்னவில்லை. குனிந்து பார்த்தால், கூண்டுக்குள் கடலைமிட்டாய்த் தூள். அந்தக் கூண்டின்மேல் சாய்ந்துகொண்டு நாளெல்லாம் கடலைமிட்டாய் தின்றவன் நான்தான்.

மேலதிகாரியிடம் உண்மையைச் சொன்னேன். வேறு ஆள் போட்டாயிற்று என்றார். நாகலாபுரத்தில் காவலாளியின் வீட்டுக்கே போய், ஒரு பொட்டலம் கடலைமிட்டாயை நீட்டி மன்னிப்புக் கேட்டேன்.

"போகட்டும் சார்" என்று வாங்கியவர், அதை நொறுக்கித் தன் கோழிகளுக்குப் போட்டார். "ஏட்டி, சாப்ட்டாச்சா?" என்று ஒவ்வொன்றிடமும் கேட்டார்.

என்னிடம் கேட்கவில்லை. காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.